கடதாசிக் காலம் – 9: சுவருக்கு வந்த முகங்கள்

கூத்துக்குச் சுவரொட்டி தேவைப்பட்டதில்லை. மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரு கூத்து மேடையேற மாதக்கணக்கில் ஆகும். அண்ணாவியார் சட்டம் கொடுக்கும் நாள், சதங்கை அணியும் நாள், அடுக்குப் பார்க்கும் நாள் என்று படிப்படியாகப் போகும் வேலை அது. அரங்கேற்றம் வருவதற்குள் ஊரில் எல்லோருக்கும் யார் தருமர், யார் வீமன் என்று தெரிந்திருக்கும். களரி கட்டுவதைப் பார்த்த ஊரும் மத்தளச் சத்தம் கேட்ட அயலூரும் தாமாகவே வந்து சேரும். தெரிந்தவர் தெரிந்தவருக்காக ஆடுகிற ஆட்டத்தைக் கடதாசியில் அச்சடித்து அறிவிக்கும் அவசியம் எழவில்லை.

சுவரொட்டி அந்நியருக்கானது. ஒட்டியவர் யார், அதைப் பார்த்துவிட்டுப் போனவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாத உலகத்தில்தான் அது பிறக்கிறது. ஆகவே ஆரையம்பதி போன்ற ஓர் ஊருக்குச் சுவரொட்டி எப்போது வந்தது என்று கேட்பதும், வெளியுலகம் எந்த வழியாக இந்த ஊருக்குள் வந்தது என்று கேட்பதும் ஒன்றுதான். அந்த வழியைக் காட்ட இரண்டு ஆண்டுகள் போதும். கல்லடியில் லேடி மன்னிங் பாலம் திறக்கப்பட்டது 1924இல். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். கொழும்பில் அச்சானவை இரவு ரயிலில் புளியந்தீவுக்கு வந்து, பாலத்தைக் கடந்து, காத்தான்குடி தாண்டி, ஆரையம்பதியூடாகக் கல்முனை நோக்கிப் போகும் வீதியின் இருமருங்கும் பரவ வழி பிறந்தது அப்போதுதான்.

சென்ற இதழில் ஓலையிலிருந்து ஈய எழுத்துக்கு வந்த கதையைப் பார்த்தோம். இந்த இதழில், ஏறக்குறைய 1930 முதல் 1978 வரை நம் சுவர்களுக்கு வந்து போன முகங்களைப் பார்ப்போம். அவற்றை வரைந்த கைகள் எவை, அச்சடித்த ஊர்கள் எவை, இன்று அவை எங்கே இருக்கின்றன, எஞ்சியவற்றை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

கொழுந்து பறிப்பவளின் சிரிப்பு

இலங்கைத் தமிழரின் முகம் உலகச் சுவர்களில் முதன்முதலாகப் பரவலாக ஒட்டப்பட்டது தேயிலைக்காக. 1926இல் பிரிட்டன் அரசு பேரரசுச் சந்தை வாரியத்தை அமைத்தது. குடியேற்ற நாடுகளின் பொருள்களைப் பிரிட்டிஷ் மக்கள் வாங்க வேண்டும் என்பதே நோக்கம். சுரங்க ரயில் நிலையங்களைச் சுவரொட்டிக் கலைக்கூடங்களாக மாற்றிய பிராங்க் பிக் இதன் சுவரொட்டிக் குழுவை வழிநடத்தினார். மற்ற விளம்பரங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக, ஊர்தோறும் சொந்த மரச்சட்டங்கள் நிறுத்தி, ஐந்து தாள்களை ஒரு வரிசையாக ஒட்டினார்கள். பெரிய ஓவியத் தாள்களுக்கு இடையில் எழுத்துத் தாள்கள் வரும். அந்த வரிசைகளில் தேயிலையும் கொக்கோவும் அரிசியும் அவற்றை விளைவிக்கும் மனிதர்களும் இடம்பெற்றனர்.

வாரியம் 1933இல் மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே, 1932இல், இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தோன்றிவிட்டது. சந்தை வாரியத்தில் பணியாற்றிய ஜெர்வாஸ் ஹக்ஸ்லி இந்தச் சபையின் பிரசாரத்தைப் பொறுப்பேற்றார். பஸில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படமும் இந்தச் சபையின் பணத்தில் உருவானதே. 1940இல் மக்டொனால்ட் கில் வரைந்த பெரிய தேயிலை உலகப் படமும் இந்தப் பிரசார மரபில் வந்தது. இன்று உலகெங்கும் பழைய சுவரொட்டி சேகரிப்போர் தேடுகிற வரைபடங்களில் அதுவும் ஒன்று.

இந்தச் சுவரொட்டிகள் வடிவமைப்பில் மிகச் சிறந்தவை. நிறங்கள் குறைவு, விளிம்புகள் தெளிவு. மலைச்சரிவைப் பச்சையின் மூன்று நான்கு அடுக்குகளாகவே சொல்லிவிடுவார்கள். அதன்முன் கூடை சுமந்த பெண் ஒருத்தி சிரித்தபடி நிற்பாள். தேயிலையை விற்ற படங்களில் ஆண்டாண்டு காலமாகத் திரும்பத் திரும்ப வந்த உருவம் இதுவே. அவள் மலையகத் தமிழ்ப் பெண். அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அவளைக் காட்டி விற்ற நாடு 1948இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த குடியுரிமைச் சட்டம் அவள் சமூகத்தைச் சேர்ந்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. பழைய தேயிலைச் சுவரொட்டியை அழகுக்காக வாங்கிச் சட்டமிட்டு மாட்டுகிறவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அழகை மறுக்க வேண்டியதில்லை. அந்த அழகு எதை மறைத்தது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதே பிரசாரம் வேறு திசையில் போனது. அங்கே தேயிலையை அந்நியன் கொண்டுவந்த பழக்கமாகப் பலர் கருதினர். 1947இல் வங்காள ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்த சுவரொட்டியில் இராட்டையில் நூல் நூற்கும் பெண்ணின் அருகே தேநீர்க் கோப்பை இருக்கிறது. தேநீர் நூறு வீதம் சுதேசியானது என்பதே அதன் செய்தி. விடுதலைப் போராட்டத்தின் மிக வலுவான அடையாளத்தையே ஓவியர் தேநீரின் பக்கம் கொண்டுவந்து வைத்தார். ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே காலம். லண்டனில் அது தூர தேசத்து மலை, கல்கத்தாவில் வீட்டு முற்றம். யாருடைய சுவர் என்பது மாறினால் படம் முழுவதும் மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சினிமா வந்த வழி

நம் ஊர்ச் சுவர்களை உண்மையில் நிறைத்தது சினிமா. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 ஒக்ரோபர் 31இல் சென்னையில் திரையிடப்பட்டது. அதற்கு முன்பே, 1928இல், சிற்றம்பலம் ஏ. கார்டினர் கொழும்பில் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1949இல் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிடெட் வந்தது. சென்னையில் தயாரான படங்கள் இலங்கை முழுவதும் போய்ச் சேர இத்தகைய நிறுவனங்களே வாய்க்கால்களாக இருந்தன.

படப்பெட்டியோடு விளம்பரப் பொருள்களும் வந்தன. சுவரொட்டிகள், தியேட்டர் முகப்பில் கண்ணாடிக்குள் வைக்கும் புகைப்படங்கள், கதைச்சுருக்கமும் பாடல்களும் அடங்கிய பாட்டுப் புத்தகங்கள். சுவரொட்டி விளம்பரத்தின் அளவையே மாற்றிய படம் ஜெமினியின் ‘சந்திரலேகா’. 1948 ஏப்ரல் 9இல் வெளியான இந்தப் படத்துக்கு எஸ்.எஸ். வாசன் தென்னிந்தியா அதுவரை காணாத அளவில் விளம்பரம் செய்தார். நாளிதழ்களில் முழுப்பக்கங்கள், நகரெங்கும் சுவரொட்டிகள், ஆங்கிலத்தில் தனி விளக்க ஏடு. படம் பார்ப்பதற்கு முன்பே அதன் முரசு நடனத்தை மக்கள் கடதாசியில் பார்த்துவிட்டனர். 1952இல் வந்த ‘பராசக்தி’ கொழும்பு மைலன் தியேட்டரில் நாற்பது வாரங்களை நெருங்கி ஓடியது. அவ்வளவு காலம் ஒரு படம் ஓடினால் அதன் சுவரொட்டி மழையில் கிழியும், வெயிலில் வெளிறும், அதன்மேலேயே திரும்பவும் ஒட்டப்படும். சாதாரண மனிதர் ஒருவரின் முகத்தைவிட அந்த நாயகனின் முகம் ஊருக்குப் பழகிப்போகும்.

மட்டக்களப்பில் இம்பீரியல், சாந்தி, சுபராஜ் என்று தியேட்டர்கள் இருந்தன. சென்னையிலிருந்து வரும் சுவரொட்டி எல்லா ஊருக்கும் பொதுவானது. அதன் அடியில் தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் அச்சிட்ட ஒடுங்கிய தாள் ஒன்றை உள்ளூரில் ஒட்டுவார்கள். சேகரிப்பவர்களுக்கு இந்த ஒட்டுத்தாள்தான் முதற் பொருள். சுவரொட்டி எந்தப் படத்துக்கு உரியது என்பதை யாரும் சொல்லிவிடலாம். அது எந்தச் சுவரில், எந்த வாரத்தில் வாழ்ந்தது என்று சொல்வது அந்த ஒட்டுத்தாள் மட்டுமே. அழகு கெடுகிறது என்று அதை நீக்கிவிடுகிறவர் அந்தத் தாள் இந்த ஊரோடு கொண்டிருந்த ஒரே தொடர்பை அறுத்துவிடுகிறார்.

கல்லில் வரைந்த நிறங்கள்

1950களின் தமிழ்ச் சினிமாச் சுவரொட்டியைக் கையில் எடுத்தால் முதலில் கவனிக்க வேண்டியது அதன் அச்சு. லிதோ என்னும் கல்லச்சை ஜேர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்தார். எண்ணெய் மையும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விதியில் இயங்கும் முறை அது. சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கரியால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மை பிடிக்கும். பாரிஸில் ஜூல் ஷெரே 1860களில் இதை வண்ணச் சுவரொட்டிக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் 1894இல் ரவி வர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை வீடுதோறும் சேர்த்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கலை குடியேறிய ஊர் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக லிதோ அச்சு வந்தது. லேபிள் அடித்த இயந்திரங்களே பிறகு நாள்காட்டியும் சுவரொட்டியும் அடித்தன. மழை குறைந்த வறண்ட காலநிலை தீப்பெட்டிக்கும் உதவியது, மை உலர வேண்டிய அச்சுக்கும் உதவியது.

வரைந்த கைகள் பெரும்பாலும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவை. சி. கொண்டையராஜு (1898–1976) தேவி பால விநோத சங்கீத சபாவில் திரைச்சீலை வரைந்தவர். அந்தச் சபா கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கி, சீடர்களைச் சேர்த்து, தமிழர் வீடுகளில் தொங்கிய நாள்காட்டித் தெய்வங்களுக்கு முகம் கொடுத்தார். கே. மாதவனும் நாள்காட்டியிலும் சினிமா விளம்பரத்திலும் பெரும் பெயர் பெற்றார். நாடகத் திரை எழுதிப் பழகிய கை தொலைவிலிருந்து பார்ப்பவனுக்காக வரையும். கொட்டகையின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நிழல் ஆழமாகவும் வெளிச்சம் பளிச்சென்றும் இருக்கும். சினிமாச் சுவரொட்டியின் முகங்களில் மஞ்சளும் செம்மஞ்சளும் வெளிச்சத்துக்கு, நீலமும் பச்சையும் நிழலுக்கு என்று வந்ததற்குப் பின்னால் இந்தத் திரைச்சீலைப் பயிற்சி இருக்கிறது.

ஓவியர் அட்டையில் வரைந்து கொடுத்ததை அச்சகத்தில் இன்னொரு கலைஞர் நிறம் நிறமாகப் பிரித்துத் தகட்டில் மறுபடி வரைவார். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. ஆகவே ஒரு லிதோச் சுவரொட்டி இரண்டு ஓவியர்களின் வேலை. முதலாமவரின் கையெழுத்தாவது மூலையில் சில வேளைகளில் இருக்கும். இரண்டாமவர் பெயர் எங்கும் இருக்காது.

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியும். கையால் வரைந்த லிதோவில் நிறம் ஒழுங்கற்ற மணல்போல் சிதறியிருக்கும். பின்னால் வந்த ஒப்செட்டில் ஒரே அளவு இடைவெளியில் புள்ளிகள் பூப்போல் வட்டமாக அடுக்கியிருக்கும். பழைய சுவரொட்டி என்று சொல்லி விற்கப்படும் மறுபதிப்பை இனங்காண இதுவே முதற் சோதனை.

எழுத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்லுதல்

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது எழுத்து. அந்தக் காலத்தில் பெரிய தமிழ்த் தலைப்புக்கு ஆயத்த எழுத்துரு கிடையாது. ஒவ்வொரு படத்தின் பெயரும் புதிதாக வரையப்பட்டது. புராணப் படத்தின் எழுத்தில் மகுடமும் பூவேலையும் இருக்கும். சமூகப் படத்தின் எழுத்து தூரிகையால் சரித்து இழுத்ததுபோல் ஓடும். சண்டைப் படத்தின் எழுத்து கல்லில் வெட்டியதுபோல் தடித்து, பின்னால் நிழல் விழுந்து நிற்கும். தாளின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சரிந்து ஏறும் தலைப்பு இந்தக் காலத்துக்கே உரியது. சைக்கிளிலோ பஸ்ஸிலோ கடந்து போகிறவரின் கண் இடமிருந்து வலமாக ஓடும்போது அந்தச் சரிவு கண்ணைத் தாளின் உச்சிக்கு இழுத்துச் சென்று நாயகன் முகத்தில் நிறுத்திவிடும்.

அதே 1950களில் சுவிட்சர்லாந்தின் வடிவமைப்பாளர்கள் தாளைக் கட்டங்களாகப் பிரித்து, பாதியை வெறுமையாக விட்டு, அலங்காரமில்லாத எழுத்தால் பேசினர். அமெரிக்காவில் சோல் பாஸ் வெட்டுக் கடதாசி போன்ற ஓர் உருவத்தில் முழுப் படத்தையும் சொன்னார். போலந்தில் ஓவியர்கள் நட்சத்திரத்தின் முகமே இல்லாமல் சினிமாச் சுவரொட்டி செய்தனர். நம் சுவரொட்டியில் வெற்றிடம் இல்லை. நாயகன், நாயகி, வில்லன், நகைச்சுவை நடிகர், சண்டை, நடனம் எல்லாம் ஒரே தாளில் நிற்கும். இதைக் குறையாகப் பார்ப்பது தவறு. யார் முகம் எவ்வளவு பெரிது, யார் யாருக்கு மேலே என்பதில் கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் யார் படம், என்ன வகைப் படம், எத்தனை பாட்டு, எத்தனை சண்டை என்பதை ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவருக்கு, அவர் நடந்து போகும் வேகத்தில் சொல்லி முடிப்பதுதான் சுவரொட்டியின் தேர்ச்சி. அந்த அளவுகோலில் இவை உலகின் எந்தச் சுவரொட்டிக்கும் குறைந்தவை அல்ல.

எழுத்து இன்னொரு வகையிலும் உதவும். பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978 ஒக்ரோபரில் ஏற்றது. அதுவரை ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு மேலே சுழித்த கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனி வடிவமும் இருந்தன. தேதி இல்லாத ஒரு தாளில் அந்தப் பழைய கொம்பு இருந்தால் அது சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இலங்கை அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளைக் கொண்டே மேலும் சில காலம் ஓட்டின என்பதையும், பெரியார் வழி அச்சகங்கள் புதிய வடிவத்தை முன்பே பயன்படுத்தின என்பதையும் மறக்கக் கூடாது. எழுத்தோடு அச்சகப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம். இந்தியாவின் 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட தாளில் அச்சகப் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று சொன்னது. அடியில் எறும்பு போல ஓடும் அந்த ஒற்றை வரிதான் பெரும்பாலான சுவரொட்டிகளின் பிறப்புச் சான்று.

நம் படங்கள், நம் நோட்டீசுகள்

இலங்கையிலும் தமிழ்ப் படம் எடுத்தார்கள். 1962இல் ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றரில் வந்தது. 1963இல் பி.எஸ். கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ 35 மில்லிமீற்றரில் வந்தது. தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட படம் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் லண்டனுக்காக வரையப்பட்ட அந்தக் கொழுந்துக்காரி, இப்போது தமிழர் எடுத்த கதையில் தமிழரின் முன் வந்தாள். 1972இல் கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ.எஸ். மகேந்திரன் இயக்கிய ‘குத்துவிளக்கு’, 1977இல் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ என்று ஒரு வரிசை உருவானது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபோது சென்னைப் படங்களின் வரத்துக் குறைந்தது. உள்ளூர்ப் படங்களுக்குச் சிறிது இடம் கிடைத்தது. இந்தப் படங்களில் சிலவற்றின் பிரதியே இன்று காணக் கிடைப்பதில்லை. படச்சுருள் போனபின் அந்தப் படம் இருந்ததற்குச் சான்று சொல்லக் கூடியவை சுவரொட்டியும் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும்தான்.

சினிமாவைவிட இந்த ஊருக்கு நெருக்கமான இன்னொரு அச்சு மரபு உண்டு. காலால் மிதிக்கும் அச்சு இயந்திரத்தில், ஒரே நிற மையில், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சைக் கடதாசியில் அடித்த நோட்டீசுகள். கோயில் உற்சவ அறிவித்தல், கண்ணகி அம்மன் சடங்கு அறிவித்தல், பாடசாலை விழா, நாடகம், தேர்தல் கூட்டம், மரண அறிவித்தல். பெரிய தலைப்புக்கு மரத்தில் வெட்டிய எழுத்து, ஓரத்தில் பூங்கரை, நடுவில் பிள்ளையார் அல்லது வேல் பொறித்த புளொக். கையிலிருந்த நான்கைந்து அளவு எழுத்துகளை வைத்து எந்தச் சொல் பெரிதாக வேண்டும், எது சிறிதாக வேண்டும் என்று தீர்மானித்த அச்சுக் கோப்பாளர்தான் நம் ஊரின் வடிவமைப்பாளர். பாடசாலையில் வடிவமைப்புப் படித்தவர் அல்லர் அவர். ஆனால் தெய்வத்தின் பெயருக்கு எத்தனை அளவு எழுத்து, உபயகாரர் பெயருக்கு எத்தனை அளவு, திகதிக்குச் சுற்றி எவ்வளவு வெளி என்பதில் அவருக்கு இருந்த நிதானம் பழைய நோட்டீசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஆரையம்பதி எழுத்தாளர் அன்புமணி 1970இல் ‘மலர்’ என்ற இலக்கிய இதழை நடத்தினார். இதழ் நடத்தவும் நாடகம் போடவும் ஆட்கள் இருந்த ஊரில், அவற்றை அறிவித்த தாள்களும் இருந்திருக்கும். இதழ்கள் நூலகங்களில் சேர்ந்தன. நோட்டீசுகளை யாரும் நூலகத்தில் சேர்க்கவில்லை.

தப்பியவை, தப்பாதவை

சுவரொட்டி அழிவதற்கென்றே செய்யப்படுவது. மலிவுக் கடதாசியில் மரக்கூழ் அப்படியே இருக்கும். அதிலுள்ள லிக்னினும் அமிலமும் சில ஆண்டுகளில் தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். வெயில் முதலில் சிவப்பையும் மஞ்சளையும் தின்னும். அதனால்தான் பழைய சுவரொட்டிகள் நீலமாகிப் போயிருக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நம் ஊர்களில் உப்புக் காற்றும் மாரி ஈரமும் கறையானும் சேர்ந்துகொள்ளும். ஒட்டியது அழியும். கட்டில் பிரிக்காமல் கிடந்தது, கொப்பிக்கு உறை போட்டது, றங்குப்பெட்டியின் அடியில் விரித்தது மட்டும் தப்பும். நாம் இன்று பழைய சுவரொட்டி என்று காண்பதெல்லாம் தன் வேலையைச் செய்யாமல் மிஞ்சியவையே.

இயற்கையான இந்த அழிவோடு நம் மாகாணத்துக்கு வேறு அழிவுகளும் வந்தன. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பெயர்த்தது. கூரை போன வீட்டில் கடதாசி தப்புவதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதன்பின் வந்த யுத்த காலத்தில் அச்சிட்ட தாளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தானது. தேடுதலுக்கு அஞ்சி, அரசியலோடு சம்பந்தமில்லாத தாள்களையும் மக்கள் எரித்தார்கள், கிணற்றில் போட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. எழுவான்கரையின் கடதாசிச் சேமிப்பு இத்தனைக்கும் தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.

இதனாலேயே, அழிவு இவ்வளவு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் என்ன செய்ய முடிந்தது என்பதை நாம் அறிய வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 அளவில் தொடங்கி, நூல்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், விளம்பரத் தாள் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தைப் பெற்றது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. பெயர்ப்பலகைக்கு எழுத்து எழுதிய கைதான் எழுத்து அச்சான எதையும் மதித்தது. சினிமாத் துறையில் பிலிம் நியூஸ் ஆனந்தன் இதே வேலையைச் செய்தார். 2016இல் மறையும்வரை அவர் சேர்த்த புகைப்படங்களும் தகவல்களும் இல்லாமல் தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுத முடியாது. நம்மவர் பக்கத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அதன் ஆவணகமும் நூல்களுக்கு அப்பால் நினைவு மலர், துண்டுப்பிரசுரம், சுவரொட்டி எல்லாவற்றையும் மின்வடிவில் பாதுகாக்கின்றன.

என்ன செய்யலாம்

உங்கள் வீட்டில் ஒரு பழைய தாள் கிடைத்தால் முதல் வேலை அதைத் துடைப்பதோ ஒட்டுவதோ அல்ல. அது கிடைத்த நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து, முன்னும் பின்னும் புகைப்படம் எடுங்கள். யார் வீட்டில், எதற்குள் இருந்தது, யார் கொண்டுவந்தார் என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு எழுதுங்கள். நீளம், அகலம், அச்சகப் பெயர், ஒட்டுத்தாளில் உள்ள தியேட்டர் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. லமினேற் செய்யாதீர்கள், அதைத் திரும்ப அவிழ்க்க வழியில்லை. சுருட்டாமல் தட்டையாக, அமிலமற்ற தாள்களுக்கு நடுவில் வைத்து, மாரி காலத்தில் சுவரோடு ஒட்டாத உயரமான இடத்தில் வையுங்கள். பின்துணி ஒட்டிச் சீர்செய்ய வேண்டுமானால் கோதுமை மாவுச்சத்துப் பசையைப் பயன்படுத்தத் தெரிந்தவரிடமே கொடுங்கள். தண்ணீரில் கரையக்கூடிய பசை என்பதால், நாளை இன்னும் நல்ல முறை வந்தால் இன்றைய வேலையைப் பிரித்தெடுக்கலாம்.

விலைமதிப்புப் பார்த்துச் சேர்ப்பவர்கள் நட்சத்திரத்தின் முகத்தைத் தேடுவார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் உள்ள சுவரொட்டிக்குச் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாங்குவோர் உண்டு. அவை எப்படியும் தப்பிவிடும். ஆரையம்பதிக் கோயில் உற்சவ நோட்டீஸையும், மட்டக்களப்புத் தியேட்டரின் ஒட்டுத்தாளையும், ஒரு பாடசாலை நாடகத்தின் துண்டுப்பிரசுரத்தையும் நம்மைத் தவிர யாரும் தேட மாட்டார்கள். ஆகவே நம் சேகரிப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒரு நோட்டீஸின் அடியில் உள்ள அச்சகப் பெயரைக் கொண்டு அந்த அச்சகத்தில் வேலை செய்தவரைக் கண்டுபிடிக்கலாம். அவர் உயிரோடு இருந்தால் எழுத்துக் கோத்த முறையை அவர் வாயால் கேட்கலாம். அவர் இல்லையென்றால் அவர் பிள்ளையிடம் அந்த மர எழுத்துகள் என்னவாயின என்று கேட்கலாம். ஒரு தாளிலிருந்து ஒரு பெயருக்கும், ஒரு பெயரிலிருந்து ஒரு தொழிலுக்கும், அந்தத் தொழிலிலிருந்து ஓர் ஊரின் நினைவுக்கும் போகும் வழி இன்னும் சில ஆண்டுகள்தான் திறந்திருக்கும். அச்சுக் கோத்த அந்தத் தலைமுறையிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம்.

அடுத்த இதழில்: முப்பத்தோராம் நாளில் அச்சான கல்வெட்டுகள். மரண வீட்டுப் புத்தகங்களில் ஊரின் வம்சாவளி எப்படிப் பதிவானது என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)